அத்தைக்காக வங்கியை மூடிய நாள்

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகம் அல்ல, ஒரு கொக்கி. வெல்டிங் கம்பியை வளைத்து அவரே செய்த, எஸ் எழுத்து மாதிரியான இரும்புக் கொக்கி. அப்படி முப்பது நாற்பது வைத்திருந்தார். மாமா என்றால் என் மனைவியின் அப்பா, அத்தை என்றால் அவள் அம்மா. கோல சிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தரையில் வைத்த பொருள் முதலில் எறும்புக்குச் சொந்தம், அப்புறம் வெள்ளத்துக்குச் சொந்தம், இரண்டுக்கும் தப்பினால் அத்தைக்குச் சொந்தம் என்பது அவருடைய கொள்கை. அதனால் அவர் வீட்டில் எல்லாமே தொங்கும். சட்டை தொங்கும், சோற்றுப் பாத்திரம் தொங்கும், மூக்குக் கண்ணாடி தொங்கும், ரேடியோ தொங்கும். நான் பெண் பார்க்கப் போன அன்று மூன்று இடத்தில் தலையை முட்டிக்கொண்டேன். மூன்றாவது முட்டில் உள்ளே யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

நான் கோல சிலாங்கூர் டவுனில் ஒரு வங்கிக் கிளையில் துணை மேலாளர். பெரிய உத்தியோகம் போலத் தெரியும். மேலாளருக்குப் பிடிக்காத வேலை எல்லாம் துணை மேலாளருக்கு வரும், அவ்வளவுதான். அப்படி வந்து சேர்ந்ததுதான் பாதுகாப்பு அதிகாரி என்கிற கூடுதல் பொறுப்பு. அதற்குக் காரணம் கடல் கடந்த ஒரு நாட்டில் நடந்த சம்பவம். தனி நாடு கேட்கும் ஒரு கூட்டம் அங்கே ஒரு வங்கியில் குண்டு வைத்துவிட்டது. அன்று இரவுச் செய்தியை மாமா வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தோம். கண்ணாடி எல்லாம் நொறுங்கிக் கிடக்க, சீருடை போட்ட ஒரு பெண் ஒற்றைச் செருப்போடு நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் முகப்பில் உட்காரும் பெண்களைப் போலவே இருந்தாள். அத்தை வெற்றிலையை மடித்தபடி, "பாவம், அந்தப் புள்ள சாப்பிட்டிருக்குமா?" என்று மட்டும் கேட்டார். மாமாவுக்கு வேறு சந்தேகம். "மாப்ள, தனி நாடு வேணும்னா அரசாங்கத்துக்கிட்ட கேக்கணும். பேங்குல போயி ஏன் கேக்குறான்? பேங்குல டுயிட்டு, காசு கேட்டாலே குடுக்க மாட்டாங்க. நாட்டையா தூக்கிக் குடுப்பாங்க?" என்றார். நான் வங்கிக்காரன். தேநீரைக் குடித்தேன்.

அடுத்த மாதமே தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எல்லாக் கிளைகளிலும் ஒரு பாதுகாப்பு அதிகாரி வேண்டுமாம், அவருக்குப் பயிற்சி வேண்டுமாம். கோலாலம்பூரில், மாமா பாஷையில் கேயல்லில், ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி. குண்டைப் பற்றிப் பேசியது கொஞ்சம், சாப்பாடு நிறைய. முடிவில் ஒரு சான்றிதழும், ஒரு கைஒலிபெருக்கியும், பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையும் கொடுத்தார்கள். சந்தேகப் பொருளை அடையாளம் காண ஐந்து குறிகள் அதில் இருந்தன. உரியவர் யாரென்று தெரியாதது. வழக்கமில்லாத இடத்தில் இருப்பது. ஒட்டுநாடா சுற்றியது. கம்பி வெளியே தெரிவது. கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ அருகில் இருப்பது. ஐந்தில் மூன்று பொருந்தினால் போலீஸை அழைக்க வேண்டும், அதன் பிறகு யார் என்ன சொன்னாலும் நம்பக்கூடாது. ஐந்தும் பொருந்தினால் என்ன செய்வது என்று போடவில்லை. அப்படி ஒன்று வரும் என்று அட்டை எழுதியவரே நினைக்கவில்லை போலும். நான் அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு அலைந்தேன். ஒரு குண்டும் வரவில்லை. வராதது நல்லதுதான். ஆனாலும் மனிதனுக்குக் கற்றதைக் காட்ட ஓர் ஆசை இருக்கும் அல்லவா, அது எனக்குள் நமைத்துக்கொண்டே இருந்தது.

அந்த ஆண்டுதான் அத்தை இறந்தார். அத்தையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு வெட்கம்தான். பதினாறு வயதில் ரப்பர்ப் பால்மரம் சீவப் போனவர். மரங்களை வெட்டிச் செம்பனை வைத்த பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள்கணக்குக்குப் போய்ப் பெயர் கொடுத்து நின்றே ஆயுள் கழிந்தது. கை ரேகை முழுக்கத் தேய்ந்து கட்டைவிரல் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். எங்கள் வங்கியில் அடையாள அட்டையோடு விரலையும் இயந்திரத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அத்தை வைத்தார். இயந்திரம் இல்லை என்றது. விரலைத் தலைமுடியில் தேய்த்து மறுபடி வைத்தார். மறுபடி இல்லை என்றது. மூன்று முறை வந்தார், மூன்று முறையும் திருப்பி அனுப்பினோம். மூன்றாம் முறை நான் உள்ளேதான் இருந்தேன். விதி அப்படி அத்தை என்று சொன்னேன். "பரவாயில்ல தம்பி, நீங்க என்ன செய்வீங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ஒதுங்குவது அவருக்குப் பழக்கம். மாமா மட்டும் அதை மறக்கவில்லை. அதன் பிறகு அவர் எங்கள் வங்கிக்குள் கால் வைத்ததே இல்லை. என்னைப் பார்க்க வந்தால் வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து ஹார்ன் அடிப்பார்.

அத்தையின் அஸ்தியைப் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் கடலில் கரைப்பதென்று முடிவானது. அதுவரை அது வீட்டுக்குள் வரக்கூடாது, மண்ணிலும் படக்கூடாது. அந்தத் தோட்டத்து வழக்கப்படி பானையைத் துணியில் கட்டி வீட்டுக்குப் பின்னால் மாமரத்தில் தொங்கவிட்டார்கள். தொங்கவிடும் வேலையை மாமாவைவிட நன்றாக யார் செய்ய முடியும்? நல்ல கிளையாகத் தேர்ந்தெடுத்து மாட்டினார். தினமும் சாயங்காலம் அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அன்றைய சங்கதிகளைச் சொல்வார். "இன்னைக்கு மீன்காரன் வரல... பக்கத்து வீட்டுக் கோழி உன் கீரைய மேஞ்சிருச்சு." உயிரோடு இருந்தபோது அத்தை பேசுவார், மாமா கேட்டுக்கொண்டிருப்பார். இப்போதுதான் அவருக்குப் பேச முறை வந்தது. நான் பத்து தடவையாவது அந்த மரத்தடியில் நின்றிருக்கிறேன், தொங்கும் பானையைக் கும்பிட்டிருக்கிறேன். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கடலுக்குப் போக நாங்கள் குறித்தது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் படகு முதலாளியான சீனத் தவுக்கே மாமாவுக்கு ஃபோன் போட்டிருக்கிறார். சனிக்கிழமை படகு பழுதுபார்க்கப் போகிறதாம். வந்தால் இன்றைக்கே வரவேண்டும், ஒரு மணிக்குள் ஏற வேண்டும், அதற்கப்புறம் தண்ணீர் இறங்கிச் சேறாகிவிடும் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காரியம். வேறு படகும் இல்லை. மாமா சுங்கை பெசாரில் பள்ளி வேலையில் இருந்த என் மனைவிக்குச் சொன்னார். அவள் நேராகப் படகுத்துறைக்கு வருகிறேன் என்றாள். எனக்கு ஒன்பது முறை அழைத்திருக்கிறார். நான் மாதக் கூட்டத்தில் இருந்தேன், கைபேசி சத்தமில்லாமல் கிடந்தது. சரி, நேரில் போய் மாப்பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார்.

மோட்டாரில் பானையைக் கொண்டுபோனால் சாம்பல் சிந்தும் என்று பயந்து, கடையில் பிஸ்கட் வரும் பெரிய சதுரத் தகர டின் ஒன்றில் பானையை இறக்கியிருக்கிறார். கூடவே அத்தையின் சீப்பு, பாக்குவெட்டி, ரேடியோ. அந்த ரேடியோவைத் தன்னோடே அனுப்பிவிடச் சொல்லி அத்தை கேட்டிருந்தார். பேட்டரி மூடி தொலைந்து பல வருஷம் ஆன ரேடியோ. பேட்டரியைக் கறுப்பு நாடாவால் வெளியே கட்டியிருப்பார்கள். ஏரியல் முறிந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பி. டின் மூடியைச் சுற்றியும் கறுப்பு நாடாவை நாலு சுற்றுச் சுற்றினார். கம்பி மட்டும் உள்ளே அடங்க மாட்டேன் என்று மூடி இடுக்கில் ஒரு சாண் நீட்டிக்கொண்டது. வங்கிக்கு வந்தார். வங்கிக்குள் அவர் வரமாட்டார், அஸ்தியும் கூரைக்குக் கீழே வரக்கூடாது. வழக்கம்போல ஹார்ன் அடித்தார், எனக்குக் கேட்கவில்லை. எங்கள் ஜாகா, அதாவது காவலாளி, வாசலில் இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். ஜாகா பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடப் போயிருந்தார். படகுக்காரனை முதலில் பிடித்து வைத்துவிட்டு வருவோம் என்று மாமா முடிவு செய்தார். கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மரம் உண்டு. நல்ல கிளையாகப் பார்த்து, கொக்கி போட்டு, டின்னைத் தொங்கவிட்டார். கீழே எங்கள் மேலாளரின் புதுக் கார் நின்றது.

டின்னைக் கையோடு எடுத்துப் போயிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "படகுத்துறையில நெழல் இல்ல மாப்ள. வெயில்ல நின்னா அவளுக்குத் தலவலி வந்துரும்" என்றார்.

முதலில் பார்த்தது மேலாளர். நல்ல மலாய் அம்மையார், சத்தமாகக்கூடப் பேசமாட்டார். காரிலிருந்து ஃபைல் ஒன்றை எடுக்கப் போனவர் முகம் வெளுத்துத் திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். பின்கதவில் நின்று பார்த்தேன். மரத்தில் டின். டின்னில் கறுப்பு நாடா. நாடாவுக்கு மேலே செம்புக் கம்பி, காற்றில் மெல்ல ஆடியது. அட்டையை எடுத்தேன். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். ஐந்துக்கு ஐந்து. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயம் வருமுன் சந்தோஷம் வந்தது. படித்துவிட்டுப் போன கேள்வியே பரீட்சையில் வந்ததைப் போல ஒரு சந்தோஷம். மரத்தில் துணி மூட்டையோ டின்னோ தொங்கினால் எந்தத் தோட்டத்துத் தமிழனும் முதலில் கும்பிடு போடுவான், அப்புறம்தான் வேறு யோசிப்பான். நானும் நேற்றுவரை அப்படித்தான். ஆனால் நான் இப்போது பயிற்சி பெற்றவன்.

கைஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. எல்லாரையும் எதிர்த் திடலுக்குப் போகச் சொன்னேன். கைபேசி அலை குண்டை வெடிக்க வைக்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள், ஆகவே எல்லாரும் கைபேசியை அணைக்கச் சொல்லி, முதல் ஆளாக என்னுடையதை அணைத்தேன். மாமாவின் ஒன்பது அழைப்பும் அதற்குள் அடங்கிப்போனது. வரிசை எண் வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர் எழுந்திருக்கவே மறுத்தார். குண்டு வெடித்த பிறகு இதே எண் செல்லுமா என்று கேட்டார். செல்லும் என்று பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் உறுதி கொடுத்தேன். பக்கத்துச் சாப்பாட்டுக்கடை பாய் அடுப்பில் மீன்தலைக் கறியை விட்டு வரமாட்டேன் என்றார். "நீங்க என்னா தம்பி, பொம் வெடிச்சா ஒரு தடவ. கறி தீஞ்சா பன்னெண்டு மணிக்கு நூறு பேரு என்னைய வெடிப்பான்லா" என்று சொல்லிச் சட்டியைத் துணியால் பிடித்துக் கையோடு தூக்கிக்கொண்டு வந்தார். திடலுக்கு வந்த பத்தாவது நிமிடம் அங்கிருந்த ஒரு மரத்தடியில் வியாபாரம் தொடங்கிவிட்டது. எங்கள் ஜாகா முதல் ஆளாகச் சோறு வாங்கினார்.

போலீஸ் வந்து தெருவின் இரு பக்கமும் மஞ்சள் நாடா கட்டியது. ஷா ஆலாமிலிருந்து வெடிகுண்டுப் பிரிவு வந்தது. யானை மாதிரி கனமான உடை போட்ட ஒருவர் ஏணியில் ஏறி டின்னை எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தார். இன்ஸ்பெக்டர் படத்தை என்னிடமும் காட்டினார். உள்ளே பேட்டரி இருந்தது, கம்பிச் சுருள் இருந்தது, வளைந்த கத்தி மாதிரி ஓர் இரும்பு இருந்தது. நடுவே உருண்டையான ஏதோ ஒன்றில் முக்கால் பங்குக்குத் தூள். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார் இன்ஸ்பெக்டர், கவலையோடு. டின்னை இறக்கப் போவதில்லை, தூரத்திலிருந்தே தண்ணீர்ப் பீரங்கியால் சிதறடிக்கப் போகிறோம் என்றார். இயந்திர வண்டி ஒன்று கட்டடத்தின் பக்கச் சந்து வழியாக டின்னைக் குறிபார்த்து மெல்ல நகர்ந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

படகுக்காரரைத் தேடிப்பிடித்துப் பேசிவிட்டு அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். மோட்டாரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். என்ன விஷயம் என்று கேட்டார். வங்கியில் குண்டு வைத்திருக்கிறார்கள், நான்தான் கண்டுபிடித்தேன் என்றேன். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கம் பக்கத்தில் நின்றவர்களிடம், "நம்ம மாப்ளதான். இதுக்கெல்லாம் கேயல்ல போயி படிச்சிட்டு வந்தவரு" என்றார். கொஞ்ச நேரம் வங்கி முகப்பையே ஆர்வமாகப் பார்த்தார். அப்புறம் என் காதருகே குனிந்தார்.

"மாப்ள, குண்டு வெடிச்சா கட்டடத்துக்குப் பின்பக்கம் வரைக்கும் பாதிக்குமா?"

"கண்டிப்பா மாமா. ஐம்பது மீட்டருக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்றேன், படித்தவன் தோரணையில்.

"ஐயையோ! அப்ப ஓடிப்போயி அத்தைய எடுத்துட்டு வந்துரட்டுமா?"

"எந்த அத்தை?"

"உங்க அத்தைதான்."

துக்கத்தில் மனுஷருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன். என் கண் கலங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அத்தை இறந்துட்டாங்க" என்று பக்குவமாகச் சொன்னேன்.

மாமா என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது. "தெரியும் மாப்ள. அதனாலதான டின்னுல இருக்கா" என்றார்.

சந்து வழியாகத் தெரிந்த மரத்தைக் காட்டினேன். மாமா மரத்தைப் பார்த்தார், மரத்தைக் குறிவைத்த பீரங்கியைப் பார்த்தார். அடுத்த நொடி எழுபது வயது மனிதர் மஞ்சள் நாடாவுக்கு அடியில் குனிந்து ஓட ஆரம்பித்தார். "பெர்ஹெந்தி!" என்று போலீஸ்காரர் நாலு பேர் கத்தினார்கள். மாமா நிற்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த மலாயில், தெருவே கேட்க அலறினார்: "துவான்! தெம்பாக் ஜாங்கான்! இத்து புக்கான் போம், துவான்! இத்து பினி சாயா!"

சுடாதீர்கள் ஐயா. அது குண்டு இல்லை. அது என் மனைவி.

பீரங்கி வண்டி அப்படியே நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் மாமாவை இடுப்போடு பிடித்துக்கொள்ள, இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஓடிப்போய் விளக்கினேன். என் மாமியார், அவருடைய சாம்பல், எங்கள் வழக்கம், மரம், டின். சொல்லச் சொல்ல எனக்கே நம்பும்படியாக இல்லை. இன்ஸ்பெக்டர் பொறுமையான மனிதர். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ அந்த டின்னைத் திறந்து பார்த்தாயா?" இல்லை என்றேன். "அப்படியானால் உனக்கு எப்படித் தெரியும்? உன் அட்டையில் என்ன போட்டிருக்கிறது?" அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? யார் சொன்னாலும் நம்பாதே என்றுதான் போட்டிருக்கிறது. பிடிபட்டு நின்ற மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு ஒரு நாள் இயந்திரம் இல்லை என்றதும் நானும் இல்லை என்றேன். இன்றைக்கு இன்னோர் இயந்திரம் டின்னுக்குள் குண்டு இருக்கிறது என்கிறது. "அது என் மாமியார்தான். நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் எக்ஸ்ரே படத்தை மாமாவுக்குத் தெரியாமல் திருப்பி வைத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல் என்றார். மாமா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பானை. ரேடியோ, பேட்டரி நாலு, அதில் ஒன்று செத்தது. செம்புக் கம்பி. பாக்குவெட்டி, கைப்பிடியில் ஓர் ஆணி இல்லை. சீப்பு, பல் மூன்று உடைந்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றுக்கும் படத்தில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் சீப்பின் உடைந்த பல்லையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பீரங்கி வண்டியைத் திருப்பச் சொன்னார்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். டின்னை யார் இறக்குவது என்று அடுத்த தகராறு. கன உடைக்காரர் இறக்குவார் என்றார் இன்ஸ்பெக்டர். மாமா முடியாது என்றார். செருப்புக் காலோடு அவளைத் தொடக்கூடாதாம். கன உடைக்காரரின் பூட்ஸைக் கழற்றவே இரண்டு ஆள் வேண்டும். பேசிப் பேசிக் கடைசியில் மாமாவையே அனுப்ப ஒப்புக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு. கண்ணாடி வைத்த அந்தப் பெரிய தலைக்கவசத்தை மாமா போட்டுக்கொள்ள வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, தலையில் வெடிகுண்டுப் பிரிவின் கவசத்தோடு மாமா வெறிச்சோடிய தெருவில் தனியாக நடந்து போனார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மரத்தடியில் கவசத்தைத் தூக்கிக்கொண்டு ஏதோ சொன்னார். மன்னிப்புக் கேட்டாராம், ரொம்ப நேரம் காக்க வைத்துவிட்டதற்கு.

டின்னைத் திறந்து பானையைக் கட்டிய வெள்ளைத் துணியைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "தக்சியா, பாக்சிக்" என்று துக்கம் சொன்னார். மாமா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, படகு ஒரு மணிக்குப் போய்விடும் என்று அழாத குறையாகச் சொன்னார். இருபது நிமிடம்தான் இருந்தது. சாலையை மூடியதில் வாகனங்கள் பாலம் வரைக்கும் தேங்கி நின்றன. இன்ஸ்பெக்டர் போலீஸ் வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். மாமா அதற்கும் தயங்கினார், வண்டிக்குக் கூரை இருக்கிறதே. இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டுவிட்டுப் பின்பக்கம் திறந்த வண்டியை வரவழைத்தார்.

அப்படித்தான் நாங்கள் போனோம். முன்னால் ஒரு போலீஸ் மோட்டார், சைரன் போட்டுக்கொண்டு. பின்னால் திறந்த வண்டியில் மாமா வெறுங்காலோடு நின்று டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். திடலில் நின்ற சனம் விலகியது. பாய் கையில் கரண்டியோடு எழுந்து நின்றார். வரிசை எண்ணை இன்னும் பிடித்துக்கொண்டிருந்த சீனப் பெரியவரும் எழுந்தார். கார், பஸ், லோரி எல்லாம் ஓரம் கட்டின. மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார். பாலத்தைத் தாண்டும்போது குனிந்து டின்னிடம்தான் பேசினார், என்னிடம் அல்ல. "பாத்தியா? வெரல் பதியலன்னு மூணு தடவ திருப்பி அனுப்புனானுவ. இன்னைக்கு ஒனக்காக பேங்கையே மூடிட்டானுவ. எல்லாருக்கும் ஒதுங்கி ஒதுங்கி நின்ன. இப்ப பாரு புள்ள, ஊரே ஒதுங்கி நிக்குது." எனக்கு அழுகை வந்துவிட்டது. வங்கிச் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, போலீஸ் வண்டியில் நின்று விக்கி விக்கி அழுதேன்.

படகுத்துறையில் காத்திருந்த என் மனைவி, சைரனோடு வந்து இறங்கிய அப்பாவையும் அழுதுகொண்டிருந்த புருஷனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு டின்ன எடுத்துட்டு வர இவ்ளோ கலாட்டாவா?" என்றாள். முழுக் கதையும் படகில் ஏறிய பிறகுதான் சொன்னேன். அழுதாள், சிரித்தாள், எது எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. ஆற்று முகத்தில் மாமா எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டார். ரேடியோ மட்டும் கம்பியை நீட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் மிதந்து போனது. "அங்க தமிழ் ஸ்டேஷன் கெடைக்குமோ என்னமோ" என்றார் மாமா.

தலைமையகம் எனக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. விரைவாகவும் விதிப்படியும் செயல்பட்டதற்காம். மேலாளர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். மாமாவிடம் காட்டினேன். "பாதி அத்தைக்குச் சேரணும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து விரல் ரேகை பதியாத கிழவிகள் வந்தால் என் அறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். வேறு ஆவணம் பார்த்து நானே கையெழுத்துப் போடுகிறேன். அதற்கும் ஒரு விதி முன்பே இருந்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

போன வருஷம் மாமாவும் போய்விட்டார். இந்த முறை நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். போலீஸ் நிலையத்துக்கு முதல் நாளே போய்த் தகவல் சொன்னேன். அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டாராம். முகப்பில் இருந்த இளம் போலீஸ்காரர் இதை எதற்கு இங்கே வந்து சொல்கிறாய் என்பது போலப் பார்த்தார். கூரை திறந்த வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். பின்னால் எனக்கு மைத்துனன் முறையாகும் ஓர் உறவுக்காரன் பானையோடு நின்றான். நான் ஓட்டினேன், என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலை பதினோரு மணிக்கு எங்கள் வங்கித் தெருவுக்குள் நுழைந்தோம்.

ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வங்கிக் கதவு திறந்து மூடித் திறந்தது. ஒரு கார் இரட்டை வரிசையில் நின்று வழியை அடைத்திருந்தது. கைபேசி பார்த்தபடி ஒரு பையன் எங்கள் முன்னால் நிதானமாகக் குறுக்கே போனான். எனக்கு நெஞ்சு கொதித்தது. போவது யார் என்று தெரியுமா உங்களுக்கு? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த வங்கியின் பாதுகாப்பு அதிகாரியான நான், பயிற்சிச் சான்றிதழ் பெற்றவன், கைபேசியை எடுத்து ஒரு புரளியைக் கிளப்பிவிட்டால் என்ன என்று நினைத்தேன். ஒரு நிமிடம் முழுதாக நினைத்தேன். எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பதுவரை நினைத்தேன்.

என் மனைவி என் கையிலிருந்த கைபேசியைப் பிடுங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். நான் என்ன நினைத்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது. "ஹார்ன் அடிங்க" என்றாள். "எங்கப்பாவுக்கு வழி விடச் சொல்லுங்க."

ஹார்னில் கையை வைத்தேன். தெருமுனை, பாலம், படகுத்துறை வரைக்கும் எடுக்கவில்லை. கண்ணாடியை இறக்கி மலாயில் திட்டினார்கள், சீனத்தில் திட்டினார்கள், தமிழில் ஒருவர் என் பிறப்பையே கேட்டார். திட்டிக்கொண்டேதான் ஒதுங்கினார்கள். ஆனாலும் ஒதுங்கினார்கள்.